பழைய வண்டியை ஏற்றும் முன் பத்து நிமிடம் யோசியுங்கள்



பழைய பொருள்களைப் பாதுகாப்பது பற்றி நம் தொலைக்காட்சி அரங்கில் பேசிக்கொண்டிருந்தபோது, பேராக்கிலிருந்து ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். "எங்கள் தாத்தா வைத்திருந்த வேன் ஒன்று தோட்டத்தில் பல வருடமாக நிற்கிறது. உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் உண்டு. ஈப்போவில் ஒரு பட்டறைக்காரர் பழுது பார்த்துத் தருகிறேன் என்கிறார். வண்டியை அங்கே எப்படிக் கொண்டு போவது?" என்று கேட்டார். விளம்பர இடைவேளைக்கு ஒரு நிமிடம்தான் இருந்தது. "லோரியில் ஏற்றி வாருங்கள் ஐயா" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் மனத்தை உறுத்தியது. அதே வேலையை நானும் என் அண்ணனும் செய்து, ஒரு குடும்பத்தின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தோம். அதைச் சொல்லாமல் "ஏற்றி வாருங்கள்" என்று மட்டும் சொன்னது சரியில்லை. அரங்கில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. பொதுமக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். ஆனால் பட்டவள். பட்ட பிறகு தெரிந்தவர்களைக் கேட்டுப் படித்தும் கொண்டவள்.

பெரியப்பாவின் வண்டி

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்கள் பெரியப்பா கிராணியாக வேலை செய்த ரப்பர் தோட்டம் இருந்தது. எழுபதுகளின் நடுவில் அங்கிருந்து ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு வோக்ஸ்வேகன் கொம்பி இருந்தது. 1972-ஆம் ஆண்டு வண்டி. பின்னால் மடக்குப் படுக்கை, சிறிய காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மேலே தூக்கி நிறுத்தக்கூடிய கூரை. வீட்டையே சக்கரத்தில் ஏற்றியது போல இருக்கும். பெரியப்பா கையில் இருந்ததைப் போட்டு, இல்லாததைக் கடன் வாங்கி அதை வாங்கிவிட்டார்.

துரை அதில் கேமரன் மலைக்கு உல்லாசப் பயணம் போவாராம். பெரியப்பா கைக்கு வந்த பிறகு வண்டியின் தொழிலே மாறிவிட்டது. தைப்பூசத்திற்கு லயத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும். யாருக்காவது நெஞ்சு வலி, யாருக்காவது பாம்புக்கடி என்றால் இரவு இரண்டு மணிக்கும் கிளம்பும். ஒரு மழை நாளில், மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே, அந்த மடக்குப் படுக்கையில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை இன்று தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாங்கள் அக்கா என்றுதான் அழைப்போம்.

பிறகு பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயங்கள் காலியாயின. பெரியப்பா தாமானுக்குக் குடிவந்தார். வண்டி மட்டும் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருபது வருடங்களுக்கு மேலாக நின்றது. கொட்டகையைக் காலி செய்ய வேண்டிய நிலை வந்தபோது இரண்டே வழிகள் இருந்தன. பழைய இரும்புக் கடைக்குக் கொடுப்பது. அல்லது பட்டறைக்குக் கொண்டு போவது. "அது நான் பிறந்த வீடு, இரும்புக் கடைக்குப் போகக் கூடாது" என்று அக்கா சொன்னார். அதன் பிறகு பேச்சே இல்லை.

இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன?

1947-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பென் பொன் என்ற வாகன வணிகர் ஒரு குறிப்பேட்டில் பெட்டி போன்ற ஒரு வண்டியின் படத்தைக் கிறுக்கினார். அந்தக் கிறுக்கல்தான் 1950-இல் ஜெர்மனியில் வோக்ஸ்வேகன் வேனாக வெளிவந்தது. வெகு சீக்கிரத்தில் வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் படுக்கை, அலமாரி, அடுப்பு வைத்து வீட்டு வண்டியாக்கியது. ஜெர்மனி புதிய வடிவங்களுக்கு மாறிய பிறகும் பிரேசில் நாட்டில் பழைய வடிவக் கொம்பி 2013 வரை தயாரானது. அதனால்தான் ஐம்பது வயது வண்டிக்கும் இன்று உதிரிபாகம் கிடைக்கிறது.

இன்னொரு பழைய வண்டியின் கதையும் நமக்குப் பாடம். 1955-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு லேண்ட்ரோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். அதில் 'ஆக்ஸ்ஃபோர்டு' என்று பெயரிட்ட வண்டி பின்னாளில் அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைக் கண்டெடுத்துக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டு போய்ப் பழுது பார்த்தார்கள். 2019-இல் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு இலண்டனுக்கு ஓடியே போய்ச் சேர்ந்தது. கவனியுங்கள். முதலில் சுமந்து கொண்டு போனார்கள், பழுது பார்த்தார்கள், அதன் பிறகுதான் ஓட்டினார்கள். இந்த வரிசையை மாற்றினால்தான் வம்பு.

கிளப்பிப் பார்க்கும் ஆசை வேண்டாம்

பல வருடம் நின்ற வண்டியைப் பார்த்ததும் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு ஆசை வரும். புது பேட்டரி போட்டு, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஒரு தடவை கிளப்பிப் பார்ப்போமே என்று தோன்றும். எங்கள் அண்ணனுக்கும் வந்தது. பெரியப்பாதான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

காரணம் இருக்கிறது. நெடுநாள் கிடந்த பெட்ரோல் கெட்டுப் பிசின் போலாகிவிடும். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும். கொம்பியில் என்ஜின் பின்னால், நாம் படுக்கும் படுக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. வெடித்த குழாயில் கசியும் பெட்ரோல் சூடான என்ஜின் மீது விழுந்தால் என்ன ஆகும்? அந்தக் காலத்துக் கொம்பி என்ஜின்கள் பலவற்றின் உறை மக்னீசியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. தண்ணீர் பட்டால் இன்னும் மோசமாகும். பழைய கொம்பிகள் தீக்கிரையான கதைகள் உலகம் முழுவதும் உண்டு. எனவே பேட்டரியை இணைக்காதீர்கள். சாவியைத் திருப்பாதீர்கள். காஸ் சிலிண்டர் உள்ளே இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கதவைத் திறக்கும் முன் குளவிக்கூடு, பாம்பு, தேள் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தேங்கிய தொட்டியையும் டயரையும் காலி செய்யுங்கள். டிங்கிக் கொசுவுக்கு இப்படிப்பட்ட வண்டிகள் நல்ல குடியிருப்பு.

கயிறு கட்டி இழுக்கலாமா?

"முப்பது கிலோமீட்டர்தானே, கயிறு கட்டி இழுத்துவிடலாம்" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கயிற்றில் வரும் வண்டிக்குத் தன் பிரேக்தான் துணை. இருபது வருடம் நின்ற வண்டியில் பிரேக் ஒன்று பிடிக்காது. இல்லையென்றால் பிடித்தது விடாது. முன் வண்டி சட்டென்று நின்றால் பின் வண்டி நேராக அதன் மேல் மோதும். பின் வண்டியில் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருப்பவர் நம் வீட்டுப் பிள்ளை. கொம்பியில் அவருக்கு முன்னால் என்ஜின் கூடக் கிடையாது. ஒரு தகடும் கண்ணாடியும்தான். சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத வண்டியின் சக்கரம் சாலையில் உருளவும் கூடாது.

ஆகவே நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றிச் செல்வதே சரி. இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, தட்டு சரிந்து இறங்கும் இழுவை லோரி. மற்றொன்று, பிக்அப் வண்டியின் பின்னால் பூட்டும் டிரெய்லர். லோரியை ஓட்டுபவர் அதே தொழிலில் இருப்பவர், அதுவே பாதுகாப்பானது. எங்கள் தோட்டத்தில் நடுவில் ஒரு பழைய மரப்பாலம். லோரியின் எடையை அது தாங்காது என்று பயந்தோம். தெரிந்தவர் ஒருவரிடம் டிரெய்லரை வாடகைக்கு எடுத்து, அண்ணனின் பிக்அப்பில் பூட்டினோம். பாலத்தைப் பற்றி நினைத்த நாங்கள் டிரெய்லரைப் பற்றி நினைக்கவில்லை.

காண்டாக் கணக்கு

பால் வெட்டிய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். காண்டாக் கம்பில் இரண்டு வாளிகள் நிறையப் பால் சுமந்து வருவார்கள். தோளில் கம்பு எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பின் வாளி கனத்தால் முன் பக்கம் எழும்பும். நடை தள்ளாடும். ஒற்றையடிப் பாதையில் அப்படித் தள்ளாடினால் பால் சிந்தும். சிந்திய பாலுக்குக் கூலி கிடையாது.

டிரெய்லரும் ஒரு காண்டாக் கம்புதான். அதன் சக்கர அச்சு, தோள். முன் முனை பிக்அப்பின் கொக்கியில் உட்கார்ந்திருக்கிறது. டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்தக் கொக்கியைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். மொத்தம் 2,000 கிலோ என்றால் 200 கிலோ. இதைவிட மிகக் குறைந்தால் டிரெய்லர் பாம்பு போல நெளியும். மிகக் கூடினால் பிக்அப்பின் பின்புறம் அமுங்கி, முன் சக்கரங்கள் தரையில் பிடிப்பை இழக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொக்கியிலிருந்து டிரெய்லரின் அச்சு வரை 4 மீட்டர். ஏற்றும் வேனின் எடை 1,400 கிலோ. வேனின் எடை மையம் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் இருந்தால், 1,400-ஐ 0.5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க, கொக்கியை 175 கிலோ கீழே அழுத்தும். அதே வேன் ஒரே ஒரு மீட்டர் பின்னால் நின்றால், அதாவது எடை மையம் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் போனால், அதே 175 கிலோ கொக்கியை மேலே தூக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஓடத் தொடங்கினால்தான் வித்தியாசம் தெரியும்.

சாதாரணக் காரில் என்ஜின் முன்னால். அதை முகம் முன்னால் இருக்க ஏற்றினால் கனம் தானாகவே முன்பக்கம் வரும். கொம்பியில் என்ஜின் பின் சக்கரத்துக்கும் பின்னால். அதை முகம் முன்னால் இருக்க ஏற்றினால்? கனமெல்லாம் டிரெய்லரின் வாலில். நாங்கள் செய்தது அதைத்தான்.

செம்மோர் சாலையில்

தோட்டச் சாலையில் மெதுவாக வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. சுங்கை சிப்புட் தாண்டி ஈப்போ நோக்கிப் பழைய கூட்டரசு சாலையில் ஏறினோம். அண்ணன் ஓட்டினார். பக்கத்தில் பெரியப்பா. பின் இருக்கையில் நான். செம்மோரை நெருங்கும்போது வேகம் 80-ஐத் தொட்டிருக்கும். எதிரே ஒரு பெரிய லோரி சீறிக்கொண்டு கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லரின் வால் லேசாக ஆடியது. ஆடியது நிற்கவில்லை. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாயிற்று. பிக்அப்பின் பின்புறத்தை யாரோ பிடித்து இடமும் வலமும் உலுக்குவது போல இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். டிரெய்லரை ஒட்டி, இடது ஓரத்தில், ஒரு மோட்டார் சைக்கிள். அப்பா, அம்மா, நடுவில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறு பெண். டிரெய்லரின் வால் அவர்கள் பக்கம் போய்ப் போய் வந்தது.

அண்ணன் பிரேக்கை மிதிக்கப் போனார். பெரியப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "மிதிக்காதே, காலை எடு." அண்ணன் எண்ணெயிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மோட்டார் சைக்கிள்காரர் பின்வாங்கி நின்றுவிட்டார். நாங்கள் ஒரு பழக்கடை அருகே ஓரம் கட்டினோம். அவர் எங்களைக் கடந்து போகும்போது திட்டவில்லை. பார்த்துவிட்டு மட்டும் போனார். அந்தச் சிறு பெண்ணும் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

நெளியும் டிரெய்லரை நிறுத்த, முன் வண்டியின் பிரேக்கைத் திடீரென்று மிதித்தால் பின்னால் வரும் சுமை முன் வண்டியைத் தள்ளி, இரண்டும் மடங்கிக்கொள்ளும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டினாலும் ஆட்டம் கூடும். வேகம் குறைந்தால் ஆட்டம் தானே அடங்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்து, அதைத் தனியே இயக்கும் வசதியும் இருந்தால் அதை மட்டும் மெல்லப் பயன்படுத்தலாம். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை முந்திவிடலாம் என்று நினைப்பது தற்கொலைக்குச் சமம்.

பழக்கடை வரை வந்த பிறகு என்ன செய்வது? பெரியப்பாவுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, அருகில் இருந்த ஒரு காலி மைதானத்துக்குப் போனோம். வண்டியை இறக்கி, திருப்பி, பின்பக்கம் முன்னால் இருக்க ஏற்றினோம். கொக்கி கனமாக உட்கார்ந்தது. பிறகு மணிக்கு 60-ஐத் தாண்டாமல் ஈப்போ வந்து சேர்ந்தோம். டிரெய்லர் அசையவே இல்லை. அதே வண்டி, அதே டிரெய்லர், அதே சாலை.

ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். பின்பக்கம் முன்னால் இருக்க ஏற்றினால், தூக்கும் கூரைக்கு அடியில் காற்று புகுந்து அதைப் பெயர்த்துவிடக்கூடும். கூரைக்கு மேலே தனியாக ஒரு பட்டையைப் போட்டு இறுக்குங்கள். ஜன்னல், பின்கதவு எல்லாவற்றையும் ஒட்டு நாடாவால் ஒட்டுங்கள்.

டயருக்கும் வயது உண்டு

உலகத்துக்கு ரப்பர் கொடுத்த மாநிலம் நம்முடையது. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது. அந்த ரப்பரிலிருந்து செய்த டயரைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டாமா?

ரப்பர் ஓடினால் தேயும். ஓடாமல் நின்றாலும் கெடும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து அதை இறுக வைத்து வெடிக்கச் செய்யும். பூ நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்திய டயர்.

ஏற்றிச் செல்லும் வேனின் டயர் பழையதாக இருந்தாலும் பெரிய ஆபத்தில்லை. டிரெய்லரில் ஏறும் அளவுக்குக் காற்று நின்றால் போதும். ஆபத்து டிரெய்லரின் டயரில். வருடத்தில் இரண்டு மூன்று தடவை மட்டும் ஓடும் டிரெய்லர்களின் டயர் தேயாமலே கிழமாகியிருக்கும். வாடகைக்கு எடுக்கும்போது முதலில் அந்த எண்ணைப் படியுங்கள். கையால் தடவிப் பாருங்கள். சக்கர பேரிங்கில் கிரீஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இறக்கத்தில் கொதிக்கும் பிரேக்

கோலகங்சார் பக்கமிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ வருபவர்களுக்கு மெனோரா சுரங்கப்பாதை தெரியும். அந்த மலைப்பகுதி ஏற்ற இறக்கமும் வளைவும் நிறைந்தது. கனரக வாகனங்கள் அங்கே விபத்துக்குள்ளான செய்திகளை நம் பத்திரிகையிலேயே பலமுறை படித்திருக்கிறோம். டிரெய்லர் இழுத்து வருபவர்கள் அந்த இறக்கத்தை அலட்சியமாக நினைக்கக் கூடாது.

பிக்அப், டிரெய்லர், வேன் மூன்றும் சேர்ந்து 4 டன் என்று வைப்போம். 200 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக்கில் சேரும் வெப்பம் 25 லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். அத்தனையும் சில இரும்புத் தட்டுகளில் சேர்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய 'டாட் 3' எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பின் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல இருக்கும், வண்டி நிற்காது.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்குங்கள். வேகத்தின் கணக்கையும் மறக்காதீர்கள். 80-லிருந்து 110-க்குப் போனால் வேகம் கூடுவது மூன்றில் ஒரு பங்கு போலத்தான் தோன்றும். ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும்.

2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி ஒன்பது கலகத் தடுப்புப் போலீசார் உயிரிழந்தார்கள். விசாரணையில் லோரியின் அளவுக்கு மீறிய பாரம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 9-ஆம் தேதி கிரிக் அருகே பேருந்து விபத்தில் பதினைந்து பல்கலைக்கழக மாணவர்களை இழந்தோம். இரண்டும் நம் பேராக் மண்ணில். பாரமும் பராமரிப்பும் பெரிய நிறுவனங்களின் பிரச்சினை என்று நாம் நினைக்கிறோம். ஒரு நாள் டிரெய்லர் பூட்டும் நமக்கும் அதே விதிதான்.

கட்டுவதும் அளப்பதும்

வேனை டிரெய்லரில் ஏற்றக் கை பலத்தை நம்ப வேண்டாம். வின்ச் கொண்டு இழுங்கள். இழுக்கும்போது கம்பிக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் கம்பி சாட்டையாக வீசும். சரிவுப் பலகையில் ஏறும்போது பின்னால் ஒருவர் சக்கரக் கட்டையோடு இருக்கட்டும். ஆனால் வண்டிக்கு நேர் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும்.

ஏறிய பிறகு நான்கு மூலையிலும் நான்கு ராட்செட் பட்டை. கயிறு வேண்டாம், கயிறு தளரும். பட்டையைப் பம்பரிலோ துருப்பிடித்த தகட்டிலோ மாட்டாதீர்கள். சக்கரத்தைச் சுற்றியோ, கெட்டியான அச்சுப் பகுதியிலோ மாட்டுங்கள். பழைய வண்டியில் துரு எங்கே இருக்கிறது என்று வண்ணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் பத்து கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாப் பட்டையையும் மறுபடி இறுக்குங்கள். தோட்டச் சாலைக் குலுக்கலில் கட்டாயம் தளர்ந்திருக்கும்.

கொக்கி பூட்டியதும் பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காக மாட்டுங்கள். டிரெய்லரின் பிரேக் விளக்கும் சமிக்ஞை விளக்கும் எரிகின்றனவா என்று ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள். டிரெய்லரில் ஏற்றிய வேனின் மொத்த உயரத்தை நாடா பிடித்து அளந்து, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் முன்னால் ஒட்டுங்கள். தாழ்ந்த மரக்கிளை, கடை முகப்பு, எண்ணெய் நிலையத்தின் கூரை ஆகியவற்றின் அருகே அந்தத் தாள் உதவும்.

எடை தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். செம்பனை ஆலைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் எடை மேடை இருக்கிறது. கேட்டால் நிறுத்துத் தருவார்கள். வேனுக்குள் இருக்கும் தண்ணீரையும் தட்டுமுட்டுச் சாமானையும் இறக்கிவிடுங்கள். ஐம்பது லிட்டர் தண்ணீர் என்பது ஐம்பது கிலோ. அதுவும் நின்ற இடத்தில் நிற்காமல் அலைபாயும் கனம்.

சட்டமும் தாள்களும்

டிரெய்லரும் சட்டத்தின் பார்வையில் ஒரு வாகனமே. அதற்குப் பதிவு எண் இருக்கிறதா, உங்கள் பிக்அப் அதை இழுக்க அனுமதி பெற்றதா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் ஏதாவது நேர்ந்தால் காப்புறுதி ஏற்குமா என்பதையும் புறப்படும் முன்பே கேட்க வேண்டும்.

வேனின் கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று தேடி எடுங்கள். பெயருக்குரியவர் காலமாகிவிட்டால் வாரிசுப் பெயருக்கு மாற்றும் வேலை தனி. பழுது பார்க்கப் பணம் கொட்டிய பிறகு இதைத் தேடுபவர்கள்தான் அதிகம். நெடுநாள் சாலை வரி இல்லாத வண்டி மறுபடியும் சாலைக்கு வரப் பரிசோதனை உண்டு. சாதாரண வேனாகப் பதிந்த வண்டியில் படுக்கை, அடுப்பு வைத்து மாற்றியிருந்தால் அதற்கும் இலாகாவின் அனுமதி தேவை. பட்டறைக்குப் போகும் முன்பே ஒரு நாள் இலாகாவுக்குப் போய் வாருங்கள்.

சுமக்கக்கூடியது, சுமக்க முடியாதது

தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய ஈயக் கப்பல் ஒன்று நிற்கிறது. எடை 4,500 டன். அதை எங்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது; இருக்கும் இடத்திலேயே காப்பாற்றினார்கள். நம் தோட்ட வாழ்க்கையில் அப்படித் தூக்கிக்கொண்டு வர முடியாதவை ஏராளம். லயம் போனது. பால் கொட்டகை போனது. பல இடங்களில் பள்ளிக்கூடமும் இடம் மாறிவிட்டது. சுமந்துகொண்டு வரக்கூடியது ஏதோ ஒன்று மிச்சம் இருந்தால், அதைச் சுமப்பது நம் கடமைதான். அந்தக் கடமை சாலையில் எதிரே வரும் ஒருவரின் பிள்ளையைவிடப் பெரிதல்ல.

பெரியப்பாவின் வண்டி இப்போது ஈப்போவில் ஒரு பட்டறையில் இருக்கிறது. பிரேக் முழுவதும் புதிதாக மாற்றியாயிற்று. எண்ணெய்க் குழாய்களும் மாறிவிட்டன. அடித்தகட்டில் துரு நிறைய இருப்பதால் இன்னும் மாதக்கணக்கில் வேலை இருக்கிறது, பணமும் வேண்டும். அக்கா மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறார். மடக்குப் படுக்கையின் மேல்துணியை மட்டும் மாற்ற வேண்டாம் என்று பட்டறைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார். "அம்மா பிடித்துக் கிழித்த இடம் அதில் இருக்கிறது" என்றார். பிரசவ வலியில் கிழித்தது.

அரங்கிற்கு அழைத்த நேயர் ஐயா இதைப் படித்தால், என் அவசரப் பதிலுக்கு மன்னிக்க வேண்டும். உங்கள் தாத்தாவின் வண்டியில் என்ஜின் முன்னாலா பின்னாலா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் டிரெய்லரை விட்டுவிட்டு, தொழில் தெரிந்தவரின் இழுவை லோரியையே கூப்பிடுங்கள். டிரெய்லர்தான் வழி என்றால், காலையிலேயே, மழையில்லாத நாளில், மெதுவாகப் புறப்படுங்கள். எண்ணெயிலிருந்து காலை எடுக்கத் தெரிந்த ஒரு பெரியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.